இரண்டு பட்டியல்களில் என் பெயர்

1

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. தள்ளுபடி விற்பனைக் காகிதங்களுக்கும் மின்கட்டண உறைக்கும் நடுவில் கிடந்தது. வேலையிலிருந்து வந்த அலுப்பில் அதையும் சேர்த்துக் குப்பையில் போட்டிருப்பேன். உறையின் மூலையில் நாங்கள் இருக்கும் மாவட்டத்தின் தேர்தல் அலுவலக முத்திரை இருந்ததால் பிரித்தேன்.

எங்கள் பதிவுகளின்படி நீங்கள் இந்நாட்டின் குடிமகள் அல்ல என்று தெரிகிறது, முப்பது நாள்களுக்குள் சான்று காட்டாவிட்டால் வாக்காளர் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்படும் என்று எழுதியிருந்தது. கீழே ஒரு கையெழுத்து. கையெழுத்துப் போட்டவருக்கு என்மேல் கோபமெல்லாம் இருந்திருக்காது. இயந்திரம் அச்சடித்துக் கொடுத்ததில் அவர் பேனாவை ஓட்டியிருப்பார்.

நான் இங்கே வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. அமெரிக்காவின் நடுப்பகுதியில், சுற்றிலும் சோளக்காடு விரிந்து கிடக்கும் ஒரு சின்ன ஊர். இங்கே உள்ள மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறு மணிக்குள் போய்விட வேண்டும். நவம்பர் பிறந்துவிட்டால் காரின் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்டவே பத்து நிமிடம் போகும். யாரோ ஒருவரின் இரத்தம் குழாயில் வரும். பெயரும் பிறந்த தேதியும் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பெயர் பொருந்தாவிட்டால் அந்த இரத்தத்தைத் தொடக்கூடாது, திருப்பி அனுப்பிவிட வேண்டும். பதினெட்டு வருடமாக நான் செய்கிற வேலை இதுதான்.

என் கணவர் மூன்று வருடத்துக்கு முன்பு மாரடைப்பில் போய்விட்டார். மகள் இந்து மூன்று மணி நேரத் தொலைவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல், அடுப்படியில் நின்றேன். யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது ஒருவர் பெயரும் தோன்றவில்லை.

2

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு குடியுரிமைச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். அரசாங்க அலுவலகம் என்றாலும் கூட்டமே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வயதான பெண்மணி. மேசையில் சின்னதாக ஒரு கள்ளிச்செடி. என் பெயரைப் படிக்க முயன்று பாதியில் நின்று, “மன்னிக்கணும், நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

“கலாவதி ஏழுமலை.”

அப்பா பெயர் எனக்கு இங்கே குடும்பப் பெயராகிவிட்டது. ஏழுமலை என்பதை இவர்கள் சொல்லும்போது ஏழும் இருக்காது, மலையும் இருக்காது.

ஒரு படிவம் கொடுத்தார். பிறந்த தேதியை ஊர் வழக்கப்படி நாளை முதலில், மாதத்தைப் பிறகு எழுதித் தொலைத்தேன். இத்தனை வருடம் ஆகியும் பதற்றம் வந்தால் கை பழைய பழக்கத்துக்குப் போய்விடுகிறது. “உங்கள் சான்றிதழில் வேறு தேதி இருக்கிறதே” என்றார். நான் விளக்கினேன். விளக்கும்போது ஆங்கிலம் தடுமாறியது. அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். ஒன்றும் இல்லாததற்கு முகமெல்லாம் வியர்த்தது.

விஷயம் இதுதான். குடியுரிமை கிடைப்பதற்கு முன்னால் எடுத்த ஓட்டுநர் உரிமத்தில் நான் வெளிநாட்டவள் என்று பதிவாகியிருந்தது. அதை யாரும் மாற்றவில்லை. நானும் மாற்றச் சொல்லவில்லை. பழைய பதிவையும் வாக்காளர் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது என் பெயர் வெளியே வந்துவிட்டது.

அந்தப் பெண்மணி சான்றிதழை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி. நீங்கள் வாக்களிக்கலாம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சங்கடப்படுத்தியதற்கு வருந்துகிறேன். உங்களைப்போல நிறையப் பேர் வருகிறார்கள்” என்றார்.

நல்ல மனுஷிதான். ஆனாலும் காரில் ஏறி உட்கார்ந்தவள் உடனே வண்டியை எடுக்கவில்லை. அவமானம்தான் என்று முதலில் நினைத்தேன். சற்று நேரத்தில் அது மட்டும் இல்லை என்று புரிந்தது. எனக்கு உரிமை உள்ள இடத்தில் சந்தேகப்பட்டார்கள், அது தவறு என்று நிரூபித்துவிட்டேன். உரிமை இல்லாத இன்னொரு இடத்தில் யாரும் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அங்கே நான் செய்திருந்த காரியம் ஆறு வருடமாக என்னோடு இருந்தது. அதைப் பற்றி நான் மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரே மனிதரும் இறந்துவிட்டார்.

3

என் ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலையில் மலை சுற்றுகிறவர்கள் பாதி தூரத்துக்குமேல் நடந்து, கால் வலிக்கத் தொடங்கும்போது வருகிற ஊர். பௌர்ணமி என்றால் தெருவே கடையாகிவிடும். மற்ற நாள்களில் நிலக்கடலையும் கரும்பும் பேசும் ஊர்தான்.

அப்பா ஏழுமலை அந்த ஊரின் தலையாரி. கிராம நிர்வாக அலுவலருக்கு உதவியாள். தேர்தல் வந்தால் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குவது, சாக்குத் திரை கட்டுவது, வருகிற அலுவலர்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. வாக்குப் பெட்டிகளுக்கு அரக்கு வைக்கும்போது மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு அரசியல் பிடிக்காது. யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஆனால் ஓட்டு நாளன்று மட்டும் வெள்ளை வேட்டி கட்டுவார். மற்ற நல்ல நாளுக்கெல்லாம் காக்கிக் கால்சட்டைதான்.

அந்த வெள்ளை வேட்டிப் பழக்கம் அக்காவுக்கு வந்தது. கஸ்தூரி அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். ஊர் அங்கன்வாடியில் பணியாளர். எங்கள் பகுதி வாக்காளர் பட்டியலுக்கு அவளைத்தான் அலுவலராகப் போட்டிருக்கிறார்கள். வீடு வீடாகப் போய் யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று எழுதுகிற வேலை. பிள்ளைகளுக்கு முட்டை வேகவைத்துக் கொடுத்து முடித்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

பத்து வருடத்துக்கு முன்பு நான் இங்கே குடியுரிமை வாங்கினேன். ஒரு கூடத்தில் ஐம்பது பேர் வலது கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னோம். முன்பு பிறந்த நாட்டின் மீதிருந்த பற்றை முழுமையாகத் துறப்பதாக ஒரு வரி வரும். அந்த இடத்தில் எனக்கு இருமல் வந்தது. உண்மையிலேயே வந்ததா, நானாக வரவழைத்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை. கணவர் படம் எடுத்தார். வீட்டுக்கு வந்ததும், ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடு என்றார்.

போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள். மேலத்தெருவில் ஒருவர் மகன் வேறு தேசத்துக் குடிமகன் ஆகிவிட்டானாம். “பாஸ்போர்ட்ட திருப்பிக் குடுத்துட்டானாம்டி. பெத்தவள வேணாம்னு எழுதிக் குடுத்த மாதிரி இல்ல?” என்றாள். நான் பேச்சை மாற்றினேன். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அந்தப் பிறகு வரவே இல்லை.

நான்கு வருடம் கழித்து விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது தேர்தல் நாள் வந்தது. அக்கா பீரோவைத் திறந்து என் பழைய வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டினாள். “உன் பேரு இன்னும் பட்டியல்ல இருக்கு. எத்தினி தபா எடுக்கச் சொன்னாங்க தெரியுமா? நான்தான் விடாம வெச்சிருக்கேன்.” என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

குளித்து, புடவை கட்டிக்கொண்டு, அக்காவோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அலுவலர் என் பெயரைச் சத்தமாகப் படித்தார். முகவர்கள் தங்கள் பட்டியலில் குறித்துக்கொண்டார்கள். விரலில் மை வைத்தார்கள். பொத்தானை அழுத்தினேன். வெளியே வந்தபோது அக்கா வழியில் போகிறவர்களிடமெல்லாம், “ஓட்டுப் போட அமெரிக்காலேர்ந்து வந்துருக்கா” என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நான் சிரித்துக்கொண்டு வந்தேன். அந்தச் சிரிப்பு போட்டோவில் இருக்கிறது.

4

அந்தப் போட்டோவை அக்கா குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். அப்போது இந்துவுக்குப் பதினான்கு வயது. பள்ளியில் குடிமையியல் படித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபின் ஒருநாள் காரில் போகும்போது கேட்டாள். அவள் தமிழ் எப்போதும் பாதியில் நிற்கும், மீதியை ஆங்கிலம் எடுத்துக்கொள்ளும்.

“அம்மா, நீ இந்த கன்ட்ரி சிட்டிசன்தானே?”

“ஆமா.”

“அப்போ அங்க எப்படி வோட் போட்ட?”

“அது சும்மா” என்றேன்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஓட்டு என்ற சொல்லில் எங்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. ஊரில் பெரியம்மா இன்று ஓட்டுப் போடப் போகிறாள் என்றால் ஓடிப்போய்க் கார் சாவியை எடுத்து வருவாள். அவளுக்கு ஓட்டு என்றால் வண்டிதான். இல்லை கண்ணு, இது வேற ஓட்டு என்று அவளை மடியில் உட்காரவைத்துத் தாத்தாவின் கதையைச் சொல்லுவேன். அரக்கு, மெழுகுவத்தி, வெள்ளை வேட்டி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். அப்படி வளர்த்த பெண்ணிடம்தான் சும்மா என்று சொன்னேன்.

அவள் வாதாடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு நான் இந்த நாட்டு நடப்பைப் பற்றி, பொய்ச் செய்திகளைப் பற்றி, அக்கம்பக்கத்தார் தேர்தலுக்குப் பிறகு முகம்பார்த்துப் பேசாமல் போனதைப் பற்றிக் கவலையாக ஏதாவது பேசினால், எழுந்து தன் அறைக்குப் போய்விடுவாள். பதினெட்டு முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் வாக்காளராகப் பதிவுசெய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, “உனக்கே அது சும்மாதானேம்மா” என்றாள்.

5

கடிதம் வந்த மாதமே ஊருக்குக் கிளம்பினேன். நான்கு வாரம் விடுப்பு. திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் அக்காவின் கணவர் ஆட்டோவோடு நின்றார். தீபத்துக்கு வந்த கூட்டம் இன்னும் வடியவில்லை. “அக்கா ஊட்லயே தங்கறது இல்லம்மா இப்பல்லாம். லிஸ்டு வேலை” என்றார்.

ஊர் முழுவதும் பட்டியல் சரிபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவரும் படிவம் நிரப்பிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கூலி வேலைக்குப் பெங்களூர் போனவர்கள், கல்யாணமாகிப் போன பெண்கள், அட்டையில் ஒரு பெயரும் ரேஷன் கார்டில் ஒரு பெயருமாக இருப்பவர்கள் எல்லோருக்கும் பயம். அக்கா போகிற இடமெல்லாம் அதே கேள்வி. நானும் இரண்டு நாள் அவளோடு நடந்தேன். மலை சுற்றும் சாலையில் டிபன் கடை வைத்திருக்கும் பச்சையம்மா அத்தை படிவத்தைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றார்.

“கையெழுத்து வாங்கிகினு போயி என் பேர எடுத்துட்டா?”

“எடுக்கறதுக்கு இல்ல அத்தை, வெக்கறதுக்குத்தான் வாங்கறேன்” என்றாள் அக்கா.

“நாப்பது வருஷமா போடறேன். இப்ப வந்து நீ யாருன்னு கேக்கறாங்க.”

அந்தக் கேள்வி எனக்கு எங்கே வலித்தது என்று அவருக்குத் தெரியாது. அக்கா மூன்றாவது முறை போய், அவர் தோசை ஊற்றி முடிக்கும்வரை காத்திருந்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கூடத்தில் படிவங்களைப் பரப்பிவைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண் வரிசைப்படி எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினாள். என் பழைய போட்டோ ஒட்டி, அவள் உருண்டைக் கையெழுத்தில் எல்லாம் நிரப்பியிருந்தது.

“இது இன்னாக்கா?”

“உன்னுதுதான். வருவேன்னு சொன்னியே, அதான் வெச்சிருந்தேன். கையெழுத்து மட்டும் போடு.”

கையெழுத்துக்கு மேலே இரண்டு வரி இருந்தது. நான் இந்தியக் குடிமகள் என்று தொடங்கியது.

பேனாவைக் கையில் எடுத்தேன். ஒரு கையெழுத்துத்தான். யாரும் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டியவளே என் அக்காதான். இரத்தக் குழாயில் தவறான பெயரை நான் ஒட்டுவேனா என்று யோசித்தேன். பேனாவை மூடி வைத்தேன்.

“அக்கா, இதுல என்னால கையெழுத்துப் போட முடியாது.”

“ஏன், பேனா எழுதலியா? அந்தாண்ட வேற இருக்குது பாரு.”

“நான் இந்த நாட்டுக்காரி இல்லக்கா. அங்க குடியுரிமை வாங்கிட்டேன்.”

அவள் கையில் இருந்த படிவங்களைக் கீழே வைத்தாள். “எப்ப?”

“பத்து வருஷம் ஆச்சு.”

கணக்குப் போட அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. “அப்ப அன்னிக்கு?”

“அன்னிக்கும் இல்ல.”

6

அக்கா எழுந்து உள்ளே போனாள். சோறு வடிக்கிற சத்தம் கேட்டது. நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மின்விசிறிக் காற்றில் படிவங்கள் பறக்காமல் இருக்க அவற்றின்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்தே பேசினாள். “ஊரு பூரா சொல்லிகினு திரிஞ்சேன்டி நான்.”

“தெரியும்க்கா.”

“என்கிட்ட சொல்றதுக்கு இன்னா? கடிச்சா தின்னுடுவேன்?”

“மேலத்தெரு பையன் பத்தி நீ ஒண்ணு சொன்ன. அதுக்கப்புறம் வாய் வரல.”

“நான் இன்னா சொன்னேன்?”

சொன்னேன். அவளுக்கு ஞாபகமே இல்லை. போகிற போக்கில் சொன்ன ஒரு பேச்சு. அதைப் பத்து வருடம் நான் கடல் தாண்டிச் சுமந்திருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து எதிரில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் அலுவலகக் குரலாக இருந்தது.

“நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. ஊர்ல இல்லாதவ பேர எடுத்திருக்கணும். தெரிஞ்சேதான் விட்டேன். நிலம் இல்ல, ஊடு என் பேர்ல. இந்தப் பேரும் போயிட்டா இங்க உனக்கு இன்னா இருக்குன்னு நெனச்சேன்.”

இருவரும் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒருத்திக்கு மற்றவள் பிடித்திருப்பது தெரியவில்லை.

“இப்ப இன்னா செய்யறது?” என்றேன்.

“எடுக்கணும்” என்றாள். “படிவம் இருக்குது. நீயே எழுதிக் குடுத்தா போதும், பேரு போயிடும். ஓட்டுப் போட்டது யாருக்கும் தெரியாது.”

“அதையும் எழுதணும்க்கா.”

“ஏன்டி?”

“பொய்யா போட்டது நான். நாளைக்கு யாராவது கண்டுபுடிச்சா உன் தலைமேல விழும். உனக்குத் தெரியாதுன்னு என் கையால எழுதிக் குடுத்துடறேன்.”

அவள் வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. “வெள்ளைத்தாள்ல எழுது. கோடு போட்ட தாளு வேணாம்” என்றாள்.

மறுநாள் வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். பெரிய அலுவலகக் கட்டடம். படிக்கட்டு முழுவதும் கையில் காகிதத்தோடு ஆட்கள். நாங்கள் பார்க்க வேண்டிய அலுவலர் ஒரு பெண். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“நீக்கல் படிவம் மட்டும் குடுத்தா போதுமே. இத எதுக்குங்க எழுதுனீங்க?”

“நடந்தது அதுதாங்க.”

“இது ஃபைல்ல ஏறுச்சுன்னா அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது. நோட்டீஸ் வரலாம். வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும்.”

“வரேங்க.”

“அங்கேர்ந்தா?”

“ஆமாங்க.”

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எனக்குத் தெரியாதுன்னு அவ எழுதியிருக்கா மேடம். ஆனா ஊர்ல இல்லாதவ பேர எடுக்காம விட்டது நான்தான். அதையும் சேத்து எழுதிக்குங்க” என்றாள். அலுவலர் பெருமூச்சு விட்டுக் கடிதத்தில் முத்திரை குத்தினார். வெளியே வந்து இருவரும் ஆளுக்கொரு டீ குடித்தோம். அக்கா தன் டீயில் பாதியை என் கிளாசில் ஊற்றினாள்.

7

நான் திரும்பி வந்து ஐந்து வாரம் ஆகிறது. நோட்டீஸ் இன்னும் வரவில்லை. அக்காவுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்ததாம். பதில் எழுதிக் கொடுத்துவிட்டாள். அங்கன்வாடி வேலை இருக்கிறது. பட்டியல் வேலையை அடுத்த முறை கொடுப்பார்களா என்று தெரியாது. அவளை இப்படி ஆக்கியது நான் என்பது எனக்கு மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

இங்கே பனி முழங்கால் அளவு இருக்கிறது. சனி, ஞாயிறு வந்தால் மனிதக் குரல் கேட்பதற்காகக் கடைக்குப் போகிறேன். ஊரில் பட்டியலைச் சுமந்துகொண்டு அக்கா நடந்த நடையும், படிக்கட்டில் காகிதத்தோடு நின்றவர்களும் கண்முன் வருகிறார்கள். இங்கேயும் என்னைப்போலக் கடிதம் வந்தவர்கள் எத்தனை பேர் உறையைப் பிரிக்காமலே குப்பையில் போட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. அந்தக் கள்ளிச்செடி வைத்திருந்த பெண்மணியிடம் போய், வருகிற தேர்தலில் வாக்குச்சாவடி வேலைக்கு ஆள் தேவையா என்று கேட்டேன். எப்போதும் தேவைதான் என்று பெயர் எழுதிக்கொண்டார். இந்த முறை நானே எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

இந்துவிடம் எல்லாவற்றையும் போனில் சொன்னேன்.

“ஏம்மா இப்ப சொல்ற?”

“நீ அன்னிக்குக் கேட்டதுக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லல.”

“பெரியம்மாக்கு ஜாப் போயிடுமா?”

“தெரியல.”

“நான் பெரியம்மாகிட்ட பேசறேன்” என்றாள். பேசியும் இருக்கிறாள். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை. அவள் பதிவுசெய்தாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

8

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு நடந்ததை இன்னும் சொல்லவில்லை.

நீக்கப்போகும் பெயர்களை ஊரார் முன்னால் படிக்கும் கூட்டம். பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. நாற்பது பேர் இருக்கும். கட்சி முகவர்கள் பட்டியலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வெள்ளைச் சேலை கட்டிவந்து மேசைக்குப் பின்னால் நின்றாள். நான் கடைசியில் பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். நீ வர வேண்டாம் என்று அவள் காலையில் சொல்லியிருந்தாள்.

இறந்தவர்களை முதலில் படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்திலிருந்து ஆமாம் என்று ஒரு குரல் வந்தது. ஒரு பெயருக்கு யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அடுத்து இடம் மாறிப் போனவர்கள். ஒரு பெண்ணின் தம்பி எழுந்து, அவள் போன மாதமே புருஷனை விட்டு வந்துவிட்டாள் என்றான். அக்கா அந்தப் பெயரை நீக்காமல் பட்டியலிலேயே வைத்துக்கொண்டாள். கடைசியாக, வேறு காரணம் என்றாள். அதில் ஒரு பெயர்தான்.

“கலாவதி. தகப்பனார் பேரு ஏழுமலை. இந்தியக் குடியுரிமை இல்லை.”

தாளிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. ஆமாம் என்ற குரல் வரவில்லை. சில தலைகள் என் பக்கம் திரும்பின.

பச்சையம்மா அத்தை முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். “இரு கஸ்தூரி. அது எப்பிடி எடுப்ப? தலையாரி பொண்ணு. இங்க பொறந்து இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. அவ பேரயே எடுத்துட்டா நாங்கல்லாம் எந்த மூல? எனக்கு ஆட்சேபணை. எழுதிக்கோ.”

முகவர்களில் ஒருவர் பேனாவை எடுத்தார். “அந்தம்மா சொல்றதும் நியாயமாத்தான் இருக்குது. எழுதிக்கலாமா?”

பதில் சொல்ல வேண்டியது அக்கா இல்லை. நான் எழுந்தேன்.

“எடுக்கறது சரிதாங்க” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “எடுக்கறது சரிதாங்க. நான் இப்ப வேற நாட்டுக்காரி. எழுதிக் குடுத்ததே நான்தான். ஆறு வருஷம் முன்னாடி நான் இங்க ஓட்டுப் போட்டது தப்பு. அக்காவுக்கு அது தெரியாது.”

வெளியே சாலையில் மலை சுற்றுகிறவர்கள் பேசிக்கொண்டு போவது கேட்டது. பச்சையம்மா அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப அந்த ஊர்ல போடுவியா?”

“போடுவேன், அத்தை.”

“அங்க உடறாங்களா உன்ன?”

“நீ யாருன்னு கேட்டாங்க. காயிதம் காட்டினேன். உட்டாங்க.”

அவர் யோசித்தார். நாற்பது பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு மெல்ல, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“சரி, எடுத்துக்கோ கஸ்தூரி” என்றார். “ஒருத்திக்கு ஒரு எடம்தான்.”

அக்கா அடிக்கோலை வைத்து என் பெயர்மேல் ஒரு கோடு போட்டாள். கோடு நேராக விழுந்ததா என்று தாளைச் சற்றுத் தூக்கிப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, புதிதாகச் சேர்க்கப்படும் பெயர்களைப் படிக்கத் தொடங்கினாள்.